பித்தளையில் ஒரு வளையம்

அக்டோபர் 18, சனி

பனி இன்னும் விழவில்லை. பனி தள்ளும் லாரிக்கு வேலை இல்லை, எனக்கும் இல்லை. கராஜில் உட்கார்ந்து என் மனைவி கார்லிஸுக்குத் தோட்டா கட்டினேன்.

இந்த வருடம் அவளுக்குக் குலுக்கலில் எல்க் மான் கொம்பனை வேட்டையாட அனுமதி விழுந்திருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து எழுதிப் போடுகிறாள். அடுத்த தடவை விழுவதற்குள் எங்கள் இருவருக்கும் பல் விழுந்துவிடும். அதனால் வீட்டில் இப்போது கொம்பன் பேச்சுதான். சமையலும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறது.

போன வருடம் ஒரு பெண் எல்க் கைக்கெட்டும் தூரத்தில் நின்றபோது அவள் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் மூடவில்லை. நான் கட்டிய தோட்டா கொஞ்சம் பருத்துப் போயிருந்தது. மான் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து போனதாம். நன்றி சொல்லும் பண்டிகை வந்தும் எனக்கு வான்கோழியும் கிடைக்கவில்லை, பேச்சும் கிடைக்கவில்லை.

சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பிப் போகும். துப்பாக்கியின் வயிறு எந்த அளவோ அந்த அளவுக்கு உப்பும். அதை அச்சுக்குள் ஏற்றி, பிரஸ் கைப்பிடியை அழுத்திக் குறுக்கினால்தான் மறுபடி வெடிமருந்து போட்டுச் சுடலாம். "உன் தொந்திக்கும் ஒரு அச்சு வாங்கணும்"னு கார்லிஸ் சொல்வாள். போன குளிர்காலத்தில் அந்த அச்சை நன்றாகக் கீழே இறக்கித் திருகி, நட்டை இறுக்கிவிட்டேன். இனி எந்தக் கூடும் பருத்து நிற்காது. கோடை முழுக்க அதே கூடுகளைச் சுட்டாள், நான் குறுக்கிக் கொடுத்தேன், மறுபடி சுட்டாள். ஒரு தடவைகூட போல்ட் முறைக்கவில்லை. எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் மாதிரி மூடுகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

கேலன் வந்தான். கார்லிஸின் தம்பி. பளபளவென்று வரிசையாக நிற்கும் தோட்டாக்களைப் பார்த்து, "மச்சான், இது வேட்டைக்கா, சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துறதுக்கா?" என்றான். கூடுகளைச் சோளத் தவிட்டோடு டப்பாவில் போட்டுக் குலுக்க வைத்தால் அப்படி மின்னும். அவன் கூடுகள் தரையில் கிடந்து நாய் நக்கின மாதிரி இருக்கும். அதையும் சொன்னேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கார்லிஸ், கேலன், வாடகைக்கு எடுத்த இரண்டு கோவேறு கழுதைகள். அடுத்த சனிக்கிழமை இறங்குவார்கள். என் முட்டி மலை ஏறாது. பனி வந்தால் லாரிக்கும் ஆள் வேண்டும். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டாள். "இன்னொருத்தியக் கட்டிக்குவேன்" என்றேன். "அவளுக்காவது நல்ல தோட்டா கட்டிக் குடு" என்று சொல்லிவிட்டுப் பிக்கப் வண்டியில் ஏறினாள்.

மேலே டெலிபோன் கிடையாது. கேலன் தன் சின்ன ரேடியோவை எடுத்துப் போகிறான். சாயங்காலம் வானிலைச் செய்தி முடிந்ததும் எங்கள் ஊர் ரேடியோ ஸ்டேஷனில் ஆர்டித் அம்மாள் மலைமேல் இருப்பவர்களுக்கான சேதிகளைப் படிப்பார். போன வருடம் நான் கொடுத்த சேதி: "கார்லிஸுக்கு. அடுப்பு அணைந்துவிட்டது. நாயின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டேன். நாய் கோபமாக இருக்கிறது. உடனே வா." ஊரே சிரித்தது. அதற்கு முந்தின வருடம் இன்னும் நல்லது ஒன்று.

அக்டோபர் 25, சனி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவள் பழகச் சுட்ட கூடுகள் ஒரு காபி டப்பாவில் கிடந்தன. குறுக்கி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாராட்ட ஆள் இல்லாததால் குலுக்கிப் பளபளப்பாக்கவில்லை, புகைக் கறையோடு அப்படியே எடுத்தேன். மூன்றாவதோ நான்காவதோ, அச்சுக்குள் ஏறினது, இறங்கவில்லை. கைப்பிடியை இழுத்தேன். அடிப்பாகம் மட்டும் கையோடு வந்தது. மீதி மேலே அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. கத்தரித்த மாதிரி ஒரே வட்டமாக அறுந்திருந்தது.

மற்றதையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே, கறுப்புக்கு நடுவில் ஒரு வெளிறின வளையம். எல்லாக் கூட்டிலும். ஒரு கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்த்தேன். வளையம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் கம்பி பள்ளத்தில் விழுகிற மாதிரி தடுக்குகிறது.

நான் அச்சை ரொம்ப இறக்கிவிட்டேன். கூட்டின் வாய்க்குக் கீழே சரியும் தோளை அளவுக்கு மேல் கீழே தள்ளிவிட்டேன். துப்பாக்கிக்குள் அது தளர்வாக உட்கார்ந்திருக்கிறது. சுடும்போது முன்பக்கம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் பின்னால் இழுபடும். நடுவில் பித்தளை மெலியும். நான் அதை மறுபடி குறுக்கிக் கொடுப்பேன். மறுபடி இழுபடும். கோடை முழுக்க இதையே செய்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வளையம் வந்திருக்கும், நான் மினுக்கி மினுக்கி அதை அழித்திருக்கிறேன். சர்ச் மெழுகுவத்தி.

அவள் எடுத்துப் போனதும் இதே கூடுகள்தான். இதே வயது, இதே அடி.

சில சமயம் ஒன்றும் ஆகாது. பாதிக் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சில சமயம் நெருப்பும் புகையும் போல்ட் வழியே பின்னால் வரும். பின்னால் இருப்பது அவள் கன்னம். அவள் கண். ரொம்பப் பழைய துப்பாக்கி, அவள் அப்பாவுடையது, புகை வெளியே போக அதில் ஒழுங்கான துளைகூட இல்லை. கிரேன் ஓட்டும் ரோல்ஃபுக்கு ஒரு கண் கண்ணாடிக் கண். எப்படிப் போனது என்று அவனிடம் கேட்டதே இல்லை. ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை ரேடியோவில் சேதி கிடையாது, யாரும் போனும் எடுக்கவில்லை. நாளைக்கு விடிந்தால் சீசன் திறக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

கழுதைக்காரனுக்குப் போன் பண்ணினேன். அவன் மிருகங்கள் எல்லாம் மேலே இருக்கின்றன. வனக் காவலர் ஆபீஸுக்குப் பண்ணினேன். அவர் மறு பக்கத்து மலையில் இருக்கிறாராம். சொல்கிறோம் என்றார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள்.

பிறகு ரேடியோ ஸ்டேஷன். என் பெயரைச் சொன்னதுமே ஆர்டித் அம்மாள் சிரித்துவிட்டார்.

"வா டெல்மர், உனக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இந்த வருஷம் என்ன?"

"ஆர்டித் அக்கா, விளையாட்டு இல்ல. அப்படியே எழுதிக்குங்க. கார்லிஸ் ஹோயமுக்கு. நான் கட்டின தோட்டாவைச் சுடாதே. ஒண்ணுகூடச் சுடாதே. அவ்வளவுதான்."

"ஐயோ, கொம்பன் உனக்கு எவ்வளவு லஞ்சம் குடுத்தான்?"

"அக்கா, சத்தியமா சொல்றேன். தோட்டா வெடிச்சு அவ முகத்துல வந்துடும்."

"சரி சரி. போன வருஷம் நாய் விஷயத்துலயும் சத்தியம் பண்ணினே" என்றார்.

சாயங்காலம் ரேடியோ பக்கத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை. படித்தார். வார்த்தை மாறாமல் படித்தார், அதுவரை சரி. ஆனால் குரலில் சிரிப்பு. படித்து முடித்துவிட்டு, "எல்க் கொம்பன்கள் சங்கத்தின் சார்பா டெல்மர் ஹோயம் போட்ட மனு இது, நேயர்களே" என்றார். பின்னாலிருந்து இன்னொரு ஆளும் சிரித்தார்.

கேலன் சிரித்திருப்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். அவளும் — ஏன் சிரிக்கமாட்டாள்? நான் சொல்லி அவள் சிரிக்காத நாள் எது?

ஒருவேளை இன்று காலையே சுட்டிருந்தால்?

அக்டோபர் 27, திங்கள்

ஸ்டேஷனுக்கே நேரில் போனேன். அறுந்த கூட்டைச் சட்டைப் பையில் எடுத்துப் போனேன். ஆர்டித் அம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "கடவுளே, டெல்மர்" என்றார்.

இன்றைக்கு இரண்டு தடவை படித்தார். சிரிக்காமல், "இது உண்மையான எச்சரிக்கை" என்றும் சேர்த்துப் படித்தார். அதைக் கேட்கும்போது எனக்கே தோன்றியது: இன்னும் நன்றாக நடிக்கிறார்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். உண்மையான எச்சரிக்கை என்று போன வருடத்துக்கு முந்தின வருடம் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேனே.

கேலனின் ரேடியோவில் பேட்டரி இருக்கிறதா? புதுசு போட்டானா? அந்தச் சோம்பேறி போட்டிருக்கமாட்டான்.

அக்டோபர் 28, செவ்வாய்

பனி. நாள் முழுக்க லாரி. கண்ணாடித் துடைப்பான் இந்தப் பக்கம் போனால் அவள் இருக்கிறாள், அந்தப் பக்கம் போனால் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் பனி தள்ளும் கத்தியை இறக்காமலேயே கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டேன். மேஸ்திரி கேட்டார், "என்னய்யா, ரோட்டைத் தடவிக் குடுத்துட்டு வர்றியா?" நான் ஸ்டியரிங்கிலேயே தலையைச் சாய்த்தேன். அவர் பயந்துவிட்டார் போலிருக்கிறது, நாளைக்கு லீவு எடுத்துக்கொள் என்றார்.

அக்டோபர் 29, புதன்

போனேன். மலைப் பாதை தொடங்கும் இடத்தில் அவர்கள் பிக்கப் நிற்கிறது, மேலே பனித் தொப்பி. முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு, நானே ஏறிவிடலாம் என்று ஏறினேன். முதல் ஓடை தாண்டினேன். இரண்டாவது ஓடையில் கல் வழுக்கி முட்டி மடங்கிவிட்டது. அதற்குமேல் முடியவில்லை. எழுந்து நின்றால் கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அங்கேயே ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். பனி எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடுகிறது. ஆனால் மேலே, பள்ளத்தாக்கின் தலையிலிருந்து, ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு வெடி.

காத்திருந்தேன். இரண்டாவது வரவில்லை. சரியாகப் பட்டிருந்தால் இரண்டாவது தேவையில்லை. கார்லிஸுக்கு எப்போதும் ஒன்று போதும். சரி. ஆனால் துப்பாக்கி பிளந்திருந்தாலும் இரண்டாவது வராது. முகத்தைப் பொத்திக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாலும் வராது. கேலன் சுட்டதாக இருக்கலாம். வேறு யாரோ. இந்த மலையில் எத்தனை பேர். வெடிச் சத்தத்தில் வித்தியாசம் தெரியுமா? எல்லாம் தெரிந்த மாதிரி இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தேன். தெரியவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் தவழ்ந்த மாதிரிதான் கீழே வந்தேன். அவள் பிக்கப் ஜன்னலில் படிந்த பனியில் விரலால் பெரிதாக எழுதினேன்: சுடாதே. அப்புறம் பார்த்தேன். இறங்கி வந்தவர்கள்தானே இதைப் படிக்கமுடியும்.

அக்டோபர் 30, வியாழன்

முட்டி பூசணி அளவு. போன் அடித்தது. பாதிரியார், சர்ச் விருந்துக்கு நாற்காலி தூக்க வருவேனா என்று கேட்டார். அவர் குரல் கேட்டதும், சாவுச் செய்தி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். பாவம் அவர்.

அக்டோபர் 31, வெள்ளி

பேய்ப் பண்டிகை என்று பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு மிட்டாய் கேட்டு வந்தார்கள். ஒரு பெண் ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிக் கடற்கொள்ளைக்காரி மாதிரி வந்தாள். கூடையையே அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 1, சனி

காலையிலேயே போய்ப் பாதை முனையில் என் வண்டியில் காத்திருந்தேன். மதியத்துக்குமேல் முதலில் கழுதை மணி கேட்டது. கேலன் தெரிந்தான். பின்னால் ஒரு கழுதை, அதன்மேல் இறைச்சி மூட்டையும் ஒரு சின்னக் கொம்பும். அப்புறம் இரண்டாவது கழுதை. அப்புறம் யாரும் இல்லை. பாதை வளைவில் ஒன்றுமே இல்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

அப்புறம் வந்தாள். தொப்பி, தொப்பிக்குக் கீழே முகம். கண் இரண்டும் இருந்தன. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

கேலன்தான் முதலில் பேசினான். "மச்சான், வேட்டையைக் கெடுத்துட்டியே! புதன்கிழமை நான் என் சாதாரண அனுமதிக்கு ஒரு சின்னக் கொம்பனை அடிச்சேன், அக்கா ராஜா மாதிரி ஒண்ணை விட்டுட்டா! உன் ஜோக்கால!"

கார்லிஸ் துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டியையும் என் கையில் வைத்தாள். பெட்டி நிறைய இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

"ரேடியோல கேட்டப்ப நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம்" என்றாள். "நானும்தான். மறுநாள் காலையில அந்தக் கொம்பன் வந்தான், டெல்மர். மரத்துக்கு நடுவுல, மூச்சு ஆவி தெரியற தூரத்துல. தோட்டாவை உள்ள தள்ளினேன். வழுக்கிக்கிட்டுப் போச்சு. போல்ட் தானா மூடின மாதிரி மூடுச்சு. இந்தத் துப்பாக்கி எங்கப்பா காலத்துலயும் இப்படி மூடினதில்ல. அப்பதான் நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தேன், அதுல ஜோக் எங்க இருக்குன்னு. தேடினேன். ஒண்ணும் இல்ல."

"நல்ல வேளை" என்றேன்.

"நல்ல வேளையா இல்லையான்னு இன்னும் தெரியாது" என்றாள். "விரலை எடுத்துட்டேன். அவன் போயிட்டான். ஆயுசுக்கு ஒரு தடவை வர்றவன் போயிட்டான். நீ சொன்னது பொய்யா இருந்துச்சுன்னு வச்சுக்கோ, உன்னைத்தான் கட்டித் தொங்கவிட்டு உரிப்பேன்."

அறுந்த கூட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். "இது ஒண்ணு. நான் கொண்டுபோனது வேற" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. மூன்று பேரும் ஊருக்கு வெளியே ஜல்லிப் பள்ளத்துக்குப் போனோம். துப்பாக்கியைப் பழைய டயரில் கயிற்றால் கட்டினேன். விசைக்கு ஒரு நீளக் கயிறு. எல்லாரும் பிக்கப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதாக ஏற்பாடு.

கார்லிஸ் வீட்டு வாசலிலிருந்து பேய்ப் பண்டிகைப் பரங்கிக்காயைத் தூக்கி வந்திருந்தாள். கண்ணும் பல்லும் வெட்டினது. துப்பாக்கிக் கட்டைக்குப் பக்கத்தில், அவள் கன்னம் வைக்கும் இடத்தில் அதை வைத்தாள். "இதான் நான்" என்றாள். கேலன், "அக்கா, ஜாடை அப்படியே இருக்கு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

முதல் தோட்டா. டமால். வெளியே வந்த கூடு முழுசாக இருந்தது. இரண்டாவது. அதுவும் முழுசு. கார்லிஸ் என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு நெஞ்சுக்குள் இரண்டு மனிதர்கள். ஒருவன் உடையாதே என்று வேண்டுகிறான், இன்னொருவன் உடை உடை என்று வேண்டுகிறான். இந்தக் கேடுகெட்ட வேண்டுதலை எந்தச் சர்ச்சில் செய்வது?

மூன்றாவது. நான்காவது. ஒன்றும் இல்லை.

"போதும்" என்றாள் கார்லிஸ். நடக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் ஒண்ணு" என்றேன். கெஞ்சின மாதிரிதான் வந்தது.

அடுத்ததில் சத்தமே வேறு மாதிரி இருந்தது. தட்டையாக, கதவு அறைந்த மாதிரி. டயருக்கு மேலே சாம்பல் புகை பின்பக்கமாகப் பீறிட்டது. புகை அடங்கும்வரை யாரும் போகவில்லை. போல்ட்டைத் திறக்க நான் காலால் உதைக்க வேண்டியிருந்தது. கூட்டின் அடிமட்டும் வந்தது. கட்டை நெடுக விரிசல் விட்டிருந்தது. பரங்கிக்காயின் வலது பக்கம் கறுத்துப் பொத்தல் பொத்தலாக இருந்தது, வெட்டின கண்ணின் ஓரத்தில் நகம் அளவு பித்தளைத் துண்டு குத்தி நின்றது.

கேலன் தொப்பியைக் கழற்றிவிட்டான். கார்லிஸ் குனிந்து அந்தத் துண்டை எடுக்கப் பார்த்தாள். சூடாக இருந்தது போல, விட்டுவிட்டாள். தன் வலது கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அப்படியே போய்ப் பிக்கப்பில் உட்கார்ந்தாள். ஓட்டிக்கொண்டு வரும்போது பார்த்தேன், கை இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.

"நான் விசையில விரலை வச்சிருந்தேன்" என்றாள் ஒரு தடவை.

நவம்பர் 7, வெள்ளி

பேசுகிறாள். உப்பு எடு, கதவைச் சாத்து, கரண்ட் பில் வந்திருக்கிறது. அந்த அளவுக்கு. திட்டினால் நன்றாக இருக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

மீதித் தோட்டாக்களைப் பிரித்தேன். குண்டு தனியாக, மருந்து தனியாக. கூடுகளைச் சுத்தியால் அடித்து நசுக்கினேன். ஒவ்வொன்றையும் நசுக்குவதற்கு முன் கம்பி விட்டுப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் பள்ளம் இருந்தது. தூக்கத்திலும் அந்தக் கம்பி தடுக்குகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

கேலன் தன் பழைய துப்பாக்கி ஒன்றை அக்காவுக்குக் கொடுத்திருக்கிறான். சாதாரண அனுமதி இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. கொம்பன் இல்லாவிட்டாலும் ஒரு பெண் மான் கிடைக்கலாம்.

காலையில் கராஜில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் கார்லிஸ் பிரஸ்ஸுக்கு முன்னால் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து வந்த புதுக் கூடுகள், ஒரே ஒரு தடவை சுட்டவை. அச்சை நன்றாக மேலே ஏற்றிவிட்டு, ஒன்றைக் குறுக்கினாள். கேலன் கொடுத்த துப்பாக்கியில் போட்டு மூடிப் பார்த்தாள். மூடவில்லை. அச்சை நூல் அளவு இறக்கினாள். மறுபடி குறுக்கி, மறுபடி பார்த்தாள். நான் கதவோரம் நின்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போகிற வரைக்கும் இப்படியே போனது. கடைசியில் போல்ட் ஒரு சின்ன முறைப்போடு மூடியது. அங்கேயே நிறுத்தி நட்டை இறுக்கினாள்.

"பாத்துக்கோ" என்றாள், என்னைப் பார்க்காமல். "இவ்வளவுதான். கொஞ்சம் முறைச்சுக்கிட்டுதான் மூடணும்."

"நம்ம வீட்டுல மாதிரி" என்றேன். வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. விழுந்ததும் பயந்துபோனேன்.

எண்ணெய்த் துணி பறந்து வந்து என் முகத்தில் அப்பியது. மலையிலிருந்து இறங்கினபின் அவள் என்மேல் எறிந்த முதல் சாமான் அது. எடுத்து மடித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கூடுகளைத் துடைத்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தேன்.